பூனைக்கு என்ன கொடுத்தீர்கள்?

அல்வால், செகந்தராபாத்
9.8.2006

வள்ளியம்மாள் அக்காவுக்கு,

போதிய காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். ஆறு வருடம். இனியும் இருப்பதாக இல்லை.

உன் கார்டு வந்தது. "பூனை செத்ததற்குத் தாடி வளர்க்கிறாயாமே, பதினாறு நாள் கழிந்ததும் எடுத்துவிடு, கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே" என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்காரி சாவித்ரி போனில் உன் மகள் மாதங்கியிடம் சொல்ல, அவள் உன்னிடம் சொல்ல, நீ அதைத் திறந்த கார்டில் எழுத, எங்கள் தபால்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே காரணத்தால் என் மானம் தப்பியது.

நலம் விசாரிப்பது முறை. விசாரிக்கிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ரத்த அழுத்தம் தவிர வேறு குறை இல்லை.

ஆறு வருடமாக நான் ஏன் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மையின் பதினாறாம் நாளன்று உன் வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னதை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. காலையில் அம்மைக்குத் தலை சுற்றியது. நீ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. உன்னுடைய ரத்த அழுத்த மாத்திரையில் பாதியை நீயே வைத்தியர் மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தான் பாங்கிலிருந்து வரட்டும் என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாய். ஆஸ்பத்திரித் தாளில் அது எழுதியிருந்தது. நான் படித்தேன். இரண்டு நாளில் அம்மை போய்விட்டாள்.

அப்படிப்பட்ட நீ என் துக்கத்துக்கு நாள் கணக்குச் சொல்ல வேண்டாம். என் பூனை ஆடிட்டர் சாகவில்லை. கொன்றார்கள். விஷம் வைத்துக் கொன்றார்கள். யாரென்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சி. ஜகதீசன்


சிவமயம்

பாளையங்கோட்டை
19.8.2006

அன்புத் தம்பி ஜகதீசனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தானுக்கு மாடிப்படி மட்டும் ஆகாது. எனக்கு இடது காது முழுக்கப் போய், வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. போனைக் காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் கார்டு. இனி இப்படிக் கவரில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

உன் எழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! முன்பெல்லாம் அச்சு மாதிரி இருக்கும், இப்போது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்னவோ, பார்.

அம்மையைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு எழுதப் புதிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்கே கேட்டார்கள், அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

உன் பூனையைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆடிட்டர் என்று பேராமே? அத்தான் அதைக் கேட்டுவிட்டு, "அவன் ஆபீசில் ஆடிட்டரைக் கண்டாலே ஆகாது, வீட்டில் ஒருத்தரை வைத்துச் சோறு போட்டிருக்கானே" என்று சிரித்தார்கள். நான் கிண்டலுக்கு எழுதவில்லை. எப்படி வந்தது, எப்படி இருக்கும், என்ன ஆயிற்று எல்லாம் எழுது. தாடி இருக்கட்டும். சாப்பாடு மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


அல்வால்
2.9.2006

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் காதுக்கு நல்ல வைத்தியரைப் பார். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை.

கேட்டாய், சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. சாம்பல் நிறம், முதுகில் கோடுகள். வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் பார்வையிட்டுவிட்டு என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது மாதிரி. பேர் அப்போதே வைத்தாயிற்று.

குக்கர் விசில் அதற்கு ஆகாது. மூன்றாவது விசில் வரும்வரை பால்கனியில் நிற்கும். தயிர்சாதத்தில் கறிவேப்பிலை கிடந்தால் தட்டையே முகர்ந்து பார்க்காது. நான் பேப்பரை விரித்ததும் தலையங்கத்தின்மேல் படுத்துக்கொள்ளும். முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன்; எனக்கு ரசாயனம் கற்றுக்கொடுக்க யோக்கியதை இல்லாதவனை எனக்கு மேலே உட்கார வைத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. இது மடியில் ஏறிப் படுத்தது. சாவித்ரி, மகன் மாதவின் குழந்தை ஸ்ரேயாவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கென்று மாதாப்பூரில் அவன் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருடமாகிறது. என்னையும் கூப்பிட்டார்கள். மருமகளுக்குப் பூனை முடி பட்டால் தும்மல் வருமாம். நான் போகவில்லை. அவ்வளவுதான்.

ஜூலை பதினேழு, திங்கட்கிழமை அதற்கு உடம்பு சுட்டது. வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தேன். செவ்வாய் காலை முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. போவன்பள்ளியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அச்யுத் என்று பையன், நம் மாதவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கேட்க வேண்டியதைக் கேட்டான், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஊசி போட்டான். புதன் விடியும்போது போய்விட்டது.

எங்களுக்கு மேல்மாடியில் தேவசகாயம் என்று ஒருவர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் முப்பது புறா வளர்க்கிறார். போன மாசியில் ஒரு புறாவை ஆடிட்டர் பிடித்துவிட்டது. அதற்குப் பழி. குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
சி. ஜகதீசன்


சிவமயம்

பாளையங்கோட்டை
12.9.2006

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கறிவேப்பிலையை ஒதுக்கும் பூனையை நான் கேள்விப்பட்டதே இல்லை. சின்ன வயதில் நீயும் அப்படித்தான், கறிவேப்பிலையை என் தட்டில் எடுத்துப் போடுவாய். ஆனால் தம்பி, சைவ வீட்டுப் பூனை என்றால் அதுவும் சைவமாகவே இருக்கும் என்றா நினைத்தாய்? புறாவைப் பிடித்தது அதன் தப்பா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மனிதர் விஷம் வைத்ததைப் பார்த்தது யார்?

இன்னொன்று. "வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தேன்" என்று எழுதியிருக்கிறாயே, என்ன செய்தாய்? டாக்டர் என்ன கேட்டார்? எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிற நீ அந்த ஒரு இடத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டாய்.

சீரகம் வறுத்துப் பொடித்து மோரில் போட்டுக் குடி. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்கிறார்கள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடி.

அன்புடன்
அக்கா


அல்வால்
3.10.2006

அக்காவுக்கு,

சீரக மோர் குடிக்கிறேன். சரஸ்வதி பூஜை நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் நாராயணஸ்வாமி வீட்டு ஹாலில் எட்டுக் குடித்தனக்காரர்களும் கூடினோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல.

புகாரை நாராயணஸ்வாமி படித்தார். தேவசகாயம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கைக்கு சார் இப்டி எழுதுனீங்க?" என்றார். முப்பது வருடம் லாலாகூடா ரயில்வேயில் இருந்த தமிழ்; 'கைக்கு' என்றால் 'ஏன்'. "என் ஸ்கூட்டர்லதானே சார் அத டாக்டர்கிட்ட கொண்டும்போனோம். நீங்க பின்னால குந்திகினு, துண்டுல சுத்தி மடில வெச்சிகினு. நான் விஷம் வெச்சிருந்தா நானே ஏன் சார் கொண்டும்போறேன்?"

"குற்றம் செய்தவர்கள் உதவி செய்கிற மாதிரி நடிப்பது புதிதல்ல" என்றேன்.

"நடிப்பா? ஐயோ ஏசுவே. சார், அந்தப் பூன தினம் மத்தியானம் எங்க ஊட்லதான் சார் சாப்புடும். எங்க ஊட்டம்மா கருவாடு வறுத்தா கதவுகிட்ட வந்து குந்திகினு கூப்புடும். நாங்க பேபின்னு கூப்புடுவோம். கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அக்கா. நாராயணஸ்வாமியின் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வீட்டு ரெட்டி, "ஹவ் சார், ஆமா சார், பேபி நம்ம பில்டிங்லயே நான்வெஜ் ஆளு" என்றார். ஐந்து வருடம். என் வீட்டில் தயிர்சாதத்தில் கறிவேப்பிலை கிடந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பூனை, மேல்மாடியில் பேபி என்ற பெயருக்கு வாலை ஆட்டிக்கொண்டு கருவாடு தின்றிருக்கிறது.

"அப்படியானால் விஷம் வைக்க உமக்கு வசதியும் இருந்திருக்கிறது" என்றேன்.

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. தேவசகாயம் என்னையே பார்த்தார். "போதும் சார்" என்றார்.

விஷத்துக்குச் சாட்சி இல்லை என்று அதை விட்டுவிட்டார்கள். ஆனால் மொட்டை மாடி பொது இடம், அங்கே புறா வளர்க்க விதி இல்லை என்பதை நான் எடுத்துக்காட்டினேன். விதி விதிதான். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கூண்டை எடுக்க வேண்டும் என்று தீர்மானம். அச்யுத்திடம் விஷம் என்று எழுதி வாங்கிவிட்டால் போலீசுக்கும் போகலாம். தீபாவளிக்கு முன் போய் வாங்கப்போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சி. ஜகதீசன்


சிவமயம்

பாளையங்கோட்டை
13.10.2006

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அந்தப் பெரியவர் முப்பது புறாவையும் எங்கே கொண்டுபோவார்? எட்டு வீட்டுக்காரர் முன்னால் அப்படிப் பேச்சுக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் என்ன சொல்லியிருப்பார்? ராத்திரி படுத்தால் எனக்கு அதுதான் நினைப்பு. எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

பூனை இரண்டு வீட்டில் சாப்பிட்டது உனக்கு வருத்தமாக இருக்கும். மாதங்கி பிறந்ததும் அம்மை உன்னைவிட அவளைத்தான் தூக்கிவைத்துக்கொண்டாள் என்று நீ ஒரு வருடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. தனியாக இருக்காதே, மாதாப்பூர் போ. சாவித்ரி எதிர்பார்ப்பாள்.

அன்புடன்
அக்கா


சிவமயம்

பாளையங்கோட்டை
15.11.2006

அன்புத் தம்பி ஜகதீசனுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் எழுதியதில் தப்பு இருந்தால் தப்பு என்று எழுது. திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே. ஆறு வருடம் போதும்.

தீபாவளிக்கு நீ மாதாப்பூர் வரவில்லை என்று சாவித்ரி மாதங்கியிடம் சொல்லியிருக்கிறாள். "பூனையும் இல்ல, இனி என்ன சாக்கு சொல்லப் போறாங்களோ" என்று அழுதாளாம்.

கார்த்திகையில் அம்மைக்குத் திதி. வழக்கம்போல் இங்கே ஒரு இலை கூடுதலாகப் போடுவேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் போடுகிற இலைதான்.

அத்தான் உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்
அக்கா


அல்வால்
28.11.2006

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. திதிக்கு வர முடியவில்லை.

புறாக்கள் போய்விட்டன. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் போவன்பள்ளியிலிருந்து ஒருவன் ஆட்டோவில் மூங்கில் கூடைகளைக் கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போனான். தேவசகாயமே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். நான் ஜன்னல் ஓரமாக நின்றேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் அம்மைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டாரல்லவா? நீ ஏன் சொன்னாய்? உன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அத்தானுக்குக்கூடத் தெரியாது. ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் தாளில் ஏறியிருக்காது. நானும் படித்திருக்க மாட்டேன். ஏன் சொன்னாய்?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

ஜகதீசன்


சிவமயம்

பாளையங்கோட்டை
9.12.2006

அன்புத் தம்பிக்கு,

கடவுள் கிருபையில் நலம். திதி நல்லபடியாக முடிந்தது. காக்கை இரண்டாவது கூப்பாட்டிலேயே வந்தது.

நீ கேட்டதற்கு நான் யோசித்துப் பதில் எழுதவில்லை. அன்றும் யோசிக்கவில்லை. அந்த டாக்டரம்மா கேட்டாள்: "பாட்டிக்கு ஏதாவது மாத்திரை குடுத்தியளா? மறைக்காமச் சொல்லுங்க, அதுக்குத் தக்கனதான் நாங்க மருந்து குடுக்க முடியும்." நான் சொன்னேன்: "என் மாத்திரையில பாதி குடுத்தேன் தாயி. பிரஷர்தான்னு நெனச்சிட்டேன். எனக்குப் புத்தி இல்ல." அவள் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவ்வளவுதான் தம்பி. சொன்னால் அம்மை பிழைத்துவிடுவாளோ என்று சொன்னேன். பிழைக்காமல் போனால் அந்தத் தாள் என்ன ஆகும், யார் படிப்பார்கள் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அது ரத்தக்குழாய் அடைப்பு, மாத்திரையால் வந்ததில்லை என்று டாக்டரம்மா பின்னால் சொன்னாள். ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் ஒருவேளை என்றும் சொன்னாள். அந்த ஒருவேளை என்னிடம்தான் இருக்கிறது. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நீ எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்
அக்கா


அல்வால்
7.1.2007

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் தாடியை எடுத்துவிட்டேன்.

பொங்கலுக்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் ஆடிட்டருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். நாமெல்லாம் போட்டுக்கொள்கிற சாதாரண பாராசிட்டமால். திங்கள் காலையில் பாதி, சாயங்காலம் பாதி, தயிரில் பொடித்துக் கலந்து. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாடையைப் பிடித்து வாயில் புகட்டினேன். எனக்குச் சரியாகிற மருந்து அதற்கும் சரியாகும் என்று நினைத்தேன். எம்.எஸ்ஸி. ரசாயனம் படித்தவன், முதல் வகுப்பு.

செவ்வாய்க்கிழமை அச்யுத் அதன் ஈறைத் தூக்கிப் பார்த்தான். சேறு மாதிரி பழுப்பாக இருந்தது. நேராக என்னைப் பார்த்துக் கேட்டான்: "அங்கிள், ஏதாச்சும் டாப்லெட் குடுத்தீங்களா? ஃபீவருக்கு? சொல்லுங்க அங்கிள், இட்ஸ் இம்பார்ட்டன்ட்." கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, கொடுத்திருக்கக் கூடாது என்று. என் பக்கத்தில் தேவசகாயம் நின்றுகொண்டிருந்தார். படிப்பில்லாதவர்கள் கண்டபடி மாத்திரை விழுங்குவதைப் பற்றி அவருக்கு எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறேன். எதிரே, என் மகனோடு ஸ்கூல் யூனிபாரத்தில் என் வீட்டில் இட்லி தின்ற பையன். நான் சொன்னேன்: "ஒன்றும் கொடுக்கவில்லை. பால் மட்டும்தான்."

அவன் இன்னொரு தடவை கேட்டான். நானும் இன்னொரு தடவை சொன்னேன்.

அப்புறம் விஷம் என்று நான்தான் முதலில் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். நீ நம்ப மாட்டாய், ஆனால் அதுதான் உண்மை. அதனால்தான் சர்டிபிகேட் கேட்டு அக்டோபர் இருபதாம் தேதி மறுபடி அவனிடமே போனேன். அவன் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தான். "பாய்சன்னு எழுதித் தர முடியாது அங்கிள். எனக்கு டாப்லெட்னுதான் டவுட். பூனைக்கு அது ஒண்ணு குடுத்தாலே போதும், உயிர் போயிடும். நீங்க இல்லேன்னு சொன்னதாலதான் வேற லைன்ல ட்ரீட் பண்ணேன். அதுக்கு மாத்து மருந்து இருக்கு" என்றான். பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது. ட்ரை பண்ணியிருக்கலாம்" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல வேற யாராச்சும் குடுத்திருப்பாங்களோ?" என்றான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அன்றைக்கும் முப்பத்தொன்றாம் தேதிக்கும் நடுவே பதினோரு நாள் இருந்தது. இதுதான் நான் எழுத வந்தது. பூனைக்கு மாத்திரை கொடுத்தது அறியாமல் செய்தது. வைத்தியனிடம் பொய் சொன்னது ஒரு நிமிஷத்துத் திமிர். அந்தப் பதினோரு நாள் அப்படி இல்லை. தினமும் காலையில் தேவசகாயம் தானியம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிற காலடிச் சத்தம் என் தலைக்கு மேல் கேட்டது. மாடி ஏறிப்போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் புறாக்கள் இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. கூடைகள் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

உன் டிசம்பர்க் கடிதம் வந்த பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. உன்னிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். நீ சொன்னாய். அப்படிச் சொன்னதற்காகத்தான் நான் உன்னை ஆறு வருடம் தண்டித்தேன். நீ தப்புச் செய்ததற்காக அல்ல. மறைத்திருந்தால் உன்னோடு இன்றுவரை கொஞ்சிக்கொண்டிருந்திருப்பேன்.

நேற்றுக் காலை மேல்மாடிக்குப் போனேன். தேவசகாயம் கதவைத் திறந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி பின்னால் வந்து நின்று கேட்டாள். முடித்ததும் அவர்தான் பேசினார்.

"டாக்டர்கிட்ட ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதானே சார் நின்னேன்."

"ஆமாம்."

"என்னப் பாத்துட்டுத்தான் சொன்னீங்க."

"ஆமாம்."

"அப்ப பேபி என்னாலதான் செத்துச்சுன்றீங்களா?"

"இல்லை, தேவசகாயம். என்னால்."

"ஆறாங்கிளாஸ் படிச்சவன் சார் நான். என் முன்னால ஒரு வார்த்த சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு, எட்டு ஊட்டுக்காரங்க முன்னால என்ன கொலகாரன்னு சொல்றதுக்கு வெக்கமா இல்லயா சார்?"

புறாக்களை யார் வாங்கினார்கள் என்று சொன்னால் திரும்ப வாங்கித் தருகிறேன் என்றேன். "நக்கோ சார், வேணாம்" என்றார். "பக்ரீதுக்குக் கறியா வித்துருப்பான். போங்க." அந்த அம்மாள் மட்டும் ஒன்று கேட்டாள்: "மாத்தர குடுக்கறப்ப அது கத்துச்சா சார்?" கத்தியது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது. அவர்கள் என்னை மன்னிக்கவில்லை. அது நியாயம்தான்.

பிறகு ஒரு தாளில் நடந்ததை எல்லாம் எழுதி, என் புகார் பொய் என்றும், தேவசகாயத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றும் எழுதி, முழுப் பெயரும் வீட்டு எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டு, கீழே சங்க நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். நாராயணஸ்வாமி ஓடிவந்தார். "எதுக்கு சார் இதெல்லாம் வெளியே தெரியணும், எடுத்துடுங்கோ" என்றார். எடுக்கவில்லை. சாயங்காலம் ரெட்டி என்னைப் பார்த்ததும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனார். மாதவிடமும் சாவித்ரியிடமும் போனில் சொன்னேன். சாவித்ரி, "ராத்திரிக்கு என்ன சாப்பிட்டிய?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் நாளை வருகிறாள்.

வீட்டில் சத்தமே இல்லை, அக்கா. குக்கர் வைத்தால் பால்கனியைத் திரும்பிப் பார்க்கிறேன். இத்தனை நாள் யார் மேலாவது கோபமாக இருந்ததால் அழத் தோன்றவில்லை. இப்போது கோபப்பட ஆள் இல்லை. நேற்றுத்தான் அழுதேன். அதற்கும், அம்மைக்கும் சேர்த்தா என்று கேட்காதே, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னேன், ஆகவே எல்லார் முன்னாலும்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். அத்தானுக்கும் மாதங்கிக்கும் இதைப் படித்துக் காட்டு. அன்று அங்கே இருந்தவர்களில் வேறு யார் வந்தாலும் காட்டு.

கடைசியாகக் கையெழுத்து. அரை மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்புத் தம்பி என்று போட்டால் மறு தபாலிலேயே நீ மன்னித்து எழுதிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். தம்பி கேட்டுவிட்டானே என்று, உனக்கு மனசு ஆறியதோ இல்லையோ, எழுதிவிடுவாய். அது எனக்கு வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. கையொப்பம் இல்லாமல் வரும் கடிதத்தின்மேல் யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டியதில்லை. பதில் போட வேண்டிய கடமையும் கிடையாது. உன் ஆறு வருடத்துக்கு நான் தரக்கூடியது அது ஒன்றுதான். நீ எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள், காதை அலட்சியம் செய்யாதே. பெயர் போடாமலே இதை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.